தோல்விக்கும் வர்க்கம் உண்டு

1965இல் உயர்கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்ட அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன், குடும்ப வறுமை காரணமாக எந்த மாணவனும் கல்லூரி வாயிலினின்று திருப்பப்படமாட்டான் என்றார். வாயிலைத் தாண்டியவனை வெளியேற்றவோ பின்னர் ஒரு கணக்கு வந்தது. 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' என்பது அதன் பெயர். எவருக்குத் திருப்தி என்று கேட்டல் கூடாது போலும்!

120 அலகுப் பட்டத்திற்கு 180 அலகுகள் வரையே முயலலாம். ஆகவே எடுத்தவற்றில் ஏறத்தாழ 67 வீதம் சித்தியடைய வேண்டும். தவறிய பாடம் மட்டுமன்றி, இடையிற் கைவிட்ட பாடமும் மாணவன் தலையிலேயே ஏறும். எல்லை தவறினால் ஒரு தவணை எச்சரிக்கை கிடைக்கலாம். அதன்பின் சமஷ்டி அரசின் உதவிப்பணம் நிற்கும். மேன்முறையீடு உண்டு, கல்லூரி அனுமதித்தால். உறவினர் மரணம், நோய், காயம் அல்லது பிற விசேட சூழ்நிலையைக் காட்டி, இப்போது என்ன மாறியுள்ளதென்றும் எழுத வேண்டும். இரவெல்லாம் பண்டசாலையிற் பெட்டிகளை அடுக்கிவிட்டுக் காலையில் விரிவுரைக்கு வருபவன் எது மாறியதென எழுதுவான்? வாடகை மாறவில்லை, வேலை நேரமும் மாறவில்லை.

பொதுப்பணம் வீணாகலாமா என்பர் சிலர். பாதிப் படிப்பில் அவனைத் துரத்தும்போது ஏற்கெனவே செலவிட்ட பணம் வீணாகவில்லையா? செல்வந்தன் மகன் அதே பாடத்தில் தவறினால், தந்தை மறுபடியும் கட்டணம் செலுத்துவார். உதவிப்பணத்துக்காக அவன் எவருக்கும் கடிதம் எழுதுவதில்லை. கூலிவேலையின்றிப் படிக்கக்கூடிய அளவுக்கு உதவியை முதலில் உயர்த்துங்கள். முன்னேற்றத்தைப் பின்னர் அளக்கலாம்.