நடக்கிற ஊருக்கு மானியம் எங்கே?

பெரம்பலூர் மாவட்டத்தில் பேரூராட்சிகள் மொத்தமே நான்குதான். குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு. இதில் லப்பைக்குடிக்காடு வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திட்டக்குடி. அது கடலூர் மாவட்டம்.

பழைய ஊர்களுக்கே உரிய அமைப்பு இந்த ஊருக்கும் உண்டு. வீட்டை ஒட்டி வீடு, நடக்கிற தூரத்தில் பள்ளிவாசல், கடைத்தெரு, பஸ் நிறுத்தம். யாரும் வரைபடம் போட்டுத் திட்டமிடவில்லை. காலால் நடந்த மனிதர்கள் தங்களுக்கு வசதியாகக் கட்டிக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட ஊர்களை உருவாக்கத்தான் அமெரிக்காவில் அரசாங்கம் பணம் கொடுக்கிறது! சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் போக்குவரத்து ஆணையம் 1998இல் ஒரு மானியத் திட்டத்தை ஆரம்பித்தது. அதன் தொடர்ச்சியாக வீட்டு ஊக்கத்தொகைத் திட்டமும் வந்தது. ரயில் நிலையத்துக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ நடக்கிற தூரத்தில் நெருக்கமாக வீடு கட்ட எந்த நகராட்சி அனுமதி கொடுத்ததோ, அந்த நகராட்சிக்கு மானியம் கிடைத்தது. எவ்வளவு? கட்டப்படும் படுக்கையறைகளை எண்ணி, ஒரு அறைக்கு இத்தனை டாலர் என்று கணக்கு வைத்தார்கள். அந்தப் பணத்தை நடைபாதை, சைக்கிள் பாதை, பஸ் நிறுத்த வசதி போன்றவற்றுக்குச் செலவழிக்க முடிந்தது.

காரை நம்பி ஐம்பது வருடம் ஊரைப் பரப்பிவிட்டு, அதைத் திரும்பச் சுருக்கக் காசு கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் சிற்றூர்களோ ஏற்கெனவே சுருக்கமாக இருக்கின்றன. அவற்றைப் பரப்புவதற்குத்தான் இங்கே எல்லா ஏற்பாடும் நடக்கிறது.

மத்திய அரசின் அம்ருத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்த முதல் அம்ருத்தில் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் இவற்றோடு நகர்ப்புறப் போக்குவரத்தும் ஒரு பகுதி. நடைபாதை, நடைமேம்பாலம், மோட்டார் இல்லாத வாகனங்களுக்கான வசதி எல்லாம் அதில் அடக்கம். நல்ல விஷயம்தான். ஆனால் பட்டியலில் 500 நகரங்கள்தான். பொதுவாக 1 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ளவை. பெரம்பலூரும் அரியலூரும் 2011 கணக்கெடுப்பில் அந்த 1 லட்சத்தைத் தொடாத நகரங்கள். லப்பைக்குடிக்காட்டுக்கு எங்கே இடம்?

2021 அக்டோபரில் அம்ருத் 2.0 வந்தது. இந்த முறை பேரூராட்சிகள் உட்பட எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் கதவு திறந்தது. ஆனால் போக்குவரத்துப் பகுதி காணாமல் போய்விட்டது! குடிநீர், கழிவுநீர், நீர்நிலை, பூங்காவோடு சரி. அதாவது, நடைபாதைக்குப் பணம் இருந்தபோது சின்ன ஊருக்கு அனுமதி இல்லை. சின்ன ஊருக்கு அனுமதி கிடைத்தபோது நடைபாதைக்குப் பணம் இல்லை. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். சின்ன ஊர்க்காரன் நடப்பதை ஒரு போக்குவரத்தாகவே டெல்லியில் யாரும் எண்ணவில்லை என்பதுதான் இதன் பொருள்.

ஆனால் உண்மையில் யார் நடக்கிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த தொழிலாளர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேட்டார்கள். இந்தியா முழுவதும் நடந்து போகிறவர்கள் சுமார் 23 சதவீதம். சைக்கிள் 13 சதவீதம். பஸ் 11 சதவீதம். கார் போன்ற நான்கு சக்கர வண்டிகள் 3 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 3 பேருக்காக சாலையை அகலப்படுத்துகிறோம். மற்றவர்கள் சாக்கடை மூடியின் மேல் நடக்கிறார்கள்.

"தமிழ்நாட்டு அரசு சைக்கிளே இலவசமாகக் கொடுக்கிறதே, பஸ் இலவசம் ஆயிற்றே" என்று கேட்கலாம். உண்மைதான், இரண்டுமே பாராட்ட வேண்டிய திட்டங்கள். 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பித்த சைக்கிள் திட்டம் 2005-06 முதல் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் இவை இரண்டும் ஆளுக்குக் கொடுப்பவை. நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை வாங்கிய மாணவி, மணல் லாரிக்கும் சிமென்ட் லாரிக்கும் நடுவில் ஓட்ட வேண்டுமென்றால் எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்? பஸ் இலவசம்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரியும் அலுவலகமும் ஊருக்கு வெளியே இருந்தால், மிச்சமான டிக்கெட் காசு ஆட்டோவுக்குப் போய்விடும்.

பெரிய ஊரிலேயே இந்தத் தவறு நடக்கிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைப் பாருங்கள். 88 ஏக்கர், சுமார் 394 கோடி ரூபாய். 2023 டிசம்பர் 30இல் திறந்தார்கள். திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை! முதலில் இடம், பிறகு கட்டடம், கடைசியில்தான் ஜனங்கள் எப்படி வருவார்கள் என்ற யோசனை. சின்ன ஊர்களில் நெடுஞ்சாலையோரம் முளைக்கும் "நகர்"களும் இதே கதைதான். வெளிநாட்டில் வியர்வை சிந்திய பணம் வயலுக்கு நடுவே கல் நட்ட மனையில் போய் விழுகிறது. அங்கே பால் வாங்கக்கூட பைக் வேண்டும். பைக் ஓட்டத் தெரியாத அம்மாவும் பாட்டியும் வீட்டோடு சிறை. வீட்டு ஆண்பிள்ளை துபாயில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதை மாற்ற மானியத்தால் முடியுமா? முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்த உள்ளாட்சி மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம். கூடவே சொத்து வரியை ஒழுங்குபடுத்தினால்தான் பணம் என்று ஒரு நிபந்தனை. என்ன நடந்தது? 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. பேரூராட்சியில் 600 சதுர அடி வீட்டுக்குக்கூட 25 சதவீதம் உயர்வு. அப்போது அரசு சொன்ன முக்கியமான காரணம் இந்த நிபந்தனைதான். ஓட்டுக்குப் பயப்படும் அரசாங்கத்தையே வரி ஏற்ற வைக்க மானியத்தால் முடிகிறது. தெருவோரம் ஆறடி நடைபாதை போட வைக்க முடியாதா?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2009இல் மத்திய அரசு நகரங்களுக்கு பஸ் வாங்கப் பணம் கொடுத்தபோது, ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் அமைப்பது நிபந்தனைகளில் ஒன்று. சென்னைக்கான சட்டம் 2010இல் வந்தது. ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்! வாக்குறுதியை நம்பிப் பணம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். வேலை முடிந்த பிறகு பில்லுக்குப் பணம் என்பது ஊரில் மளிகைக் கடைக்காரருக்கே தெரிந்த பாடம்.

எனவே கேட்க வேண்டியவை மூன்று:

1. உள்ளாட்சி மானியத்தில் ஒரு பங்கை நடைபாதை, தெருவிளக்கு, பஸ் நிழற்குடை, சைக்கிள் நிறுத்தம் இவற்றுக்கென்றே கட்டிவைக்க வேண்டும். மக்கள்தொகை வரம்பு கூடாது.

2. புது அலுவலகம், பள்ளிக்கூடம், அரசுக் குடியிருப்பு எதுவானாலும் பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கட்டினால் மானியம் கூடுதல். ஊருக்கு வெளியே கொண்டுபோனால் வெட்டு. தனியார் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பதிலும் இதே கணக்கு.

3. பக்கத்து ஊர்கள் சேர்ந்து கேட்டால் சேர்த்தே கொடுக்க வேண்டும். லப்பைக்குடிக்காடும் திட்டக்குடியும் இரண்டு மாவட்டம் என்பது கோப்புக்குத்தான் தெரியும், பாலத்தில் நடக்கிற காலுக்குத் தெரியாது.

"இதெல்லாம் பாண்டி பஜாருக்குச் சரி, லப்பைக்குடிக்காட்டுக்கு எதற்கு" என்று சிலர் சிரிப்பார்கள். பாண்டி பஜாரில் 2019இல் திறந்த அகல நடைபாதை, ஸ்மார்ட் சிட்டி பணத்தில், ஏற்கெனவே கைவிட்டுப்போன ஒரு தெருவை மீட்க எடுத்த முயற்சி. சின்ன ஊர் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. இன்றைக்குச் சில லட்சத்தில் காப்பாற்றக்கூடிய தெருவை, இருபது வருடம் கழித்துக் கோடிகளில் மீட்பதுதான் வளர்ச்சி என்றால், அந்த வளர்ச்சிக்கு வட்டி கட்டப்போவது இப்போது பிளஸ் ஒன் சைக்கிள் வாங்கியிருக்கும் பிள்ளைகள்தான்.