ஒரு சாட்சி போதுமா?

“அகச்சிவப்புக் கதிரைக் காணும் கண் கிடைத்துவிட்டது; இனி ஒளிப்படம் எதற்கு?” என்று கேட்போர் உளர். கேள்வி புதுமைக் கோலம் பூண்டிருக்கிறது. உள்ளிருப்பதோ பழைய நோய்! புதியது வந்ததும் அதன் காலடியில் வீழ்வதும், முன்னையதைக் குப்பையில் எறிவதும் அறிவாகுமா? ஆகாது என்கிறோம் நாம்.

அகச்சிவப்பின் அருமையை நாம் மறுக்கவில்லை. அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் கூடி உருவாக்கிய ஐராஸ் செயற்கைக்கோள், 1983 சனவரியில் விண்ணேறி, பத்தே திங்களில் வானத்தின் 96 விழுக்காட்டை அளந்தது. கண்ணுக்கு மங்கலாய்த் தெரிந்த விண்மீன் மண்டலங்கள் சில, இலட்சம் கோடிச் சூரியன்களின் ஆற்றலை வாரி இறைப்பதைக் காட்டிற்று. உள்ளே பிறக்கும் ஒளியைத் தூசு விழுங்குகிறது, விழுங்கிச் சூடேறுகிறது, அச்சூட்டை அகச்சிவப்பாய் உமிழ்கிறது. திரைக்குப் பின்னே தீ உண்டு என்று சொன்னது ஐராஸ். பாராட்டுகிறோம்!

ஆனால் யார் மூட்டிய தீ அது? கூட்டங் கூட்டமாய்ப் பிறக்கும் விண்மீன்களா? நட்ட நடுவே அமர்ந்து, வரும் பொருளையெல்லாம் விழுங்கும் கருந்துளையா? ஐராசின் கண் கூர்மையற்ற கண். அது காட்டிய ஒரு புள்ளிக்குள் பல மண்டலங்கள் அடங்கிவிடும். அவற்றுள் எரிவது எது, அதன் வடிவம் யாது என்று காண ஒளிப்படமன்றோ தேவைப்பட்டது!

ஆர்ப் 220 என்னும் மண்டலத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் பெயரே ஒளிப்படம் இட்ட பெயர்! ஆல்டன் ஆர்ப் என்னும் வானியலறிஞர் 1966-ல் வெளியிட்ட, வடிவம் திரிந்த மண்டலங்களின் படத்தொகுப்பில் அதற்கு 220-ஆம் இடம். ஐராஸ் பறப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, அதன் சிதைந்த கோலம் படத்தில் பதிந்துவிட்டது. இரு மண்டலங்கள் மோதி ஒன்றாகும் கோலம் அது. மோதலால் வளிமம் நடுவே பாய்கிறது. விண்மீன் பிறப்புக்கும் கருந்துளைக்கும் அதுவே தீனி. வெப்பம் கதிரில் தெரிந்தது. அதன் காரணமோ படத்தில் தெரிந்தது!

இன்னொன்று கேளுங்கள். ஐராஸ் பட்டியலில் எஃப் 10214+4724 என்று ஒரு மங்கல் புள்ளி. அதன் ஒளி நம்மை அடைய ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்றும், அதன் ஆற்றல் முந்நூறு இலட்சம் கோடிச் சூரியன்களுக்கு நிகர் என்றும் 1991-ல் அறிவித்தனர். அண்டத்திலேயே பேரொளி படைத்தது என்று முடிசூட்டினர். முடி நிலைத்ததா? ஆவாயில் உள்ள கெக் தொலைநோக்கியும், பின்னர் ஹப்பிளும் கூர்ந்த படங்கள் எடுத்தன. புள்ளி, வில்லாய் வளைந்த கீற்றாகத் தெரிந்தது! இடையே நின்ற வேறொரு மண்டலத்தின் ஈர்ப்பு, வில்லைக் கண்ணாடி போல் அந்த ஒளியை வளைத்துப் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. முடி சரிந்தது, உண்மை நிமிர்ந்தது. முடிசரிந்ததற்காக எவரும் படத்தைப் பழிக்கவில்லை, கணக்கைத் திருத்தினர். அதுவன்றோ அறிவியல்!

அப்படியானால் ஒளிப்படம் ஒன்றே போதுமா? போதாது. தூசு அதன் கண்ணைக் கட்டிவிடும். உள்ளே உறுமும் உட்கரு வெளியே தெரியாமலே போகும். படத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தில் ஆர்ப் 220 வெறும் விந்தை உருவமே; அதன் வலிமையை எவரறிந்தார்? ஒன்று வெப்பத்தை அளக்கும். மற்றொன்று வடிவத்தை வரையும். இரண்டையும் குறுக்கு விசாரணை செய்தாலன்றி உண்மை வெளிவராது.

2023 சூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி, காணும் ஒளிக்கு ஒரு கருவியும் அண்மை அகச்சிவப்புக்கு ஒரு கருவியுமாக இரண்டையும் சுமந்து சென்றது. அறிந்தவர்கள் இரு கண் வேண்டும் என்கின்றனர். அரைகுறைகளோ ஒன்றைக் குத்திக்கொள் என்கின்றனர்!

சொன்னது புதியவன் என்பதற்காக ஏற்காதீர். பழையவன் என்பதற்காகத் தள்ளாதீர். சாட்சியை எதிர்ச்சாட்சியோடு நிறுத்திக் கேளுங்கள். வானத்துக்கு மட்டுமா இந்த விதி?