சும்மாதான் போனோம்!

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "சுற்றுலா அனுபவம் பற்றி எழுதிக் கொடேன்" என்றார்கள். எழுத முடியாது நண்பர்களே! நம் பேரவை நடத்திய சுற்றுலாவுக்கு நான் போகவில்லை. தலைக்கு 1,800 ரூபாய். எங்கள் வீட்டில் அது அரிசி, எண்ணெய், மளிகை எல்லாம் சேர்ந்த கணக்கு. எங்கள் வகுப்பில் மட்டும் போகாதவர்கள் பதினோரு பேர். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகாதவர்களில் ஐந்து பேர் என்ன செய்தோம் என்று சொல்லி, அதை வைத்து ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன்.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பெண்கள், ஐந்து சைக்கிள்கள். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை, திரும்பப் புதுக்கோட்டை. எல்லாம் சேர்த்து 50 கிலோமீட்டர் பக்கம். ஐந்து சைக்கிளில் நான்கு, பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தவை. ப்ளஸ் டூ முடித்ததும் அந்தச் சைக்கிள்கள் எங்கே போகின்றன தெரியுமா? என்னுடையதை அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார். சிவில்காரியுடையது தம்பியிடம். இன்னொருத்தியுடையது ஆட்டுக்குத் தழை கட்டிக் கொண்டுவர. பெயர் எழுதி, போட்டோ எடுத்து, எங்கள் கையில் கொடுத்த வண்டியை ஒரு நாளைக்குத் திருப்பி வாங்க நாங்கள் வீட்டில் கெஞ்ச வேண்டியிருந்தது.

அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கு?" என்றது அம்மா.

"சும்மாதான்ம்மா. போயிட்டு வர்றோம்."

"சும்மான்னா? யாரு வீட்டுக்கு? என்ன வேலையா?"

இந்த "என்ன வேலையா" என்ற கேள்வியைத்தான் அன்று முழுக்கச் சந்தித்தோம். காலையில் டீக்கடையில் ஒருவர். கண்மாய்க் கரையில் மாடு மேய்த்த ஒரு பாட்டி. சித்தன்னவாசலில் டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒருவர். கடைசியில் பஞ்சர் ஒட்டியவர். எல்லாரும் நல்லவர்கள்தான், அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் பையன்கள் ஐந்து பேர் சைக்கிளில் போனால் "எந்த ஊருப்பா?" என்பதோடு முடிந்துவிடும். எங்களிடம் மட்டும் காரணம் கேட்கிறார்கள். முதல் இரண்டு இடத்தில் நாங்கள் பொய் சொன்னோம். "காலேஜ் ப்ராஜெக்ட்டுங்கண்ணா" என்று எலெக்ட்ரிக்கல்காரி கூசாமல் சொன்னாள். ப்ராஜெக்ட் என்றதும் எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. "நல்லாப் படிங்கம்மா!" என்று ஒருவர் டீக்குக் காசே வாங்கவில்லை. அந்த டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஏன் பொய் சொன்னோம்? ஊர் சுற்றுவது என்ன திருட்டா?

வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் எல்லை தாண்டும் வரை டிப்பர் லாரிக்குப் பயந்து ஒருவர் பின் ஒருவராகப் போனோம். அம்மாவின் பயம் வெறும் பயமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ரோடு அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தைல மரம், அது விட்டால் பொட்டல், பொட்டல் முடிந்தால் கண்மாய். மழை நல்லபடியாகப் பெய்திருந்ததால் கண்மாயில் தண்ணீர் கிடந்தது. பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் எத்தனையோ தடவை போன ரோடுதான். ஆனால் மேடு எங்கே, இறக்கம் எங்கே என்று என் முழங்காலுக்கு அன்றுதான் தெரிந்தது. நான் மெக்கானிக்கல் என்பதால் சும்மா இருக்க முடியாமல் பல்லை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18, சக்கரம் 26 அங்குலம். ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர் சொச்சம் வருகிறது. 50 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ பத்தாயிரம் மிதி! இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டதை வேண்டுமானால் கழித்துக் கொள்ளுங்கள். எதிர்க்காற்றுக்கு நான் கணக்குப் போடவில்லை, அது எங்கள் சிலபஸில் இல்லை.

சித்தன்னவாசலில் எல்லாரும் பார்ப்பது அறிவர் கோயில் ஓவியம். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆள்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மேலே இருக்கும் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைத்து ஏறி, மலையின் மறுபக்கம் சுற்றிப் போனால் ஒரு குகை. சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள், தலையணை மாதிரி மேடு விட்டு வெட்டியவை. பழைய தமிழ் பிராமி எழுத்தும் இருக்கிறது. தடவிப் பார்க்காமலேயே தெரிகிறது அந்த வழவழப்பு! எங்கள் பிட்டிங் ஷாப்பில் ஒரு சின்ன இரும்புத் துண்டை அரத்தால் ராவி மூலைமட்டம் வைத்து வெளிச்சம் தெரியாமல் ஆக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இவர்கள் கருங்கல்லை எப்படித்தான் இழைத்தார்களோ. அந்த நிழலில் கட்டுச்சோற்றைப் பற்றி நினைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. வீட்டில் அப்படி உட்கார்ந்தால், "என்னடி சும்மா உக்காந்திருக்க?" என்று குரல் வந்துவிடும்.

குடுமியான்மலையில் பாறைச் சுவரில் இசைக் கல்வெட்டு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். சரிகமபதநி சுரங்களைக் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களில் ஒருத்திக்கும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியவில்லை. என் குடும்பத்தில் பத்தாவது தாண்டி முதலில் படித்தவள் நான். போர்டு, பாரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எங்கள் தெருவுக்கே படித்துச் சொல்கிறவள். எழுத்துக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பாறைக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாயி ஞாபகம் வந்தது.

என் அப்பாயி சைக்கிள் ஓட்டும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அப்பாயிக்கு அப்போது முப்பது வயது. அன்னவாசல் பக்கம் கல்குவாரியில் வேலை. கையெழுத்துப் போடவும் சைக்கிள் மிதிக்கவும் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டது. கேரியரில் தண்ணீர்க் குடம், பாரில் என் அப்பா. கேலி பேசியவர்களும் இருந்தார்களாம். "வேலைக்குப் போற பொம்பளைய எத்தினி நாளைக்குக் கேலி பண்ணுவாய்ங்க?" என்று சொல்லும்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். பெண்ணுக்குச் சைக்கிள் வேண்டும் என்று யார் பேசினாலும் வேலைக்கு, தண்ணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்றுதான் பேசுகிறார்கள். தப்பில்லை. அந்தக் காரணங்களைச் சொல்லித்தான் கதவு திறந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததும் பெரிய காரியம், அதனால் மிச்சமான காசில்தான் என் வீட்டில் பலபேருக்குச் செருப்பு மாறியது. ஆனால் பஸ் தன் ரூட்டில்தான் போகும். ஏழடிப்பட்டத்தில் இன்னும் அரை மணி நேரம் உட்காரலாம் என்று தோன்றினால் பஸ் நிற்குமா? வேலைக்குப் போக வண்டி உண்டு, வேலையில்லாமல் போக வண்டி கிடையாது என்றால், அந்தச் சைக்கிள் எங்களுடையதா, அந்த வேலையுடையதா?

"படிக்கிற புள்ளைக்கு இது தேவையா?" என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அவன் மாதம் ஒரு தடவை நண்பர்களோடு பைக்கில் கொடைக்கானல் வரை போகிறவன்! அவனிடம் யாரும் தேவையா என்று கேட்டதில்லை.

திரும்பும்போது மூன்று மணி இருக்கும். என் பின் டயரில் கருவேல முள். ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தோம். பஞ்சர் கடைப் பெரியவர் டியூப்பைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்டார்: "எங்க போயிட்டு வர்றீய? என்ன சோலி?"

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். "ஒரு சோலியும் இல்லைய்யா. சும்மாதான் போனோம்."

அவர் நிமிர்ந்து ஐந்து பேரையும் பார்த்தார். "ம்" என்றார். ஒட்டு காயும்வரை வேறு ஒன்றும் கேட்கவில்லை. காசையும் குறைக்கவில்லை!

அன்றைய மொத்தச் செலவு, பஞ்சர், டிக்கெட், டீ, முறுக்கு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 84 ரூபாய்.

இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா பேசவில்லை, வெந்நீர் மட்டும் வைத்திருந்தது. அப்பாயிதான் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஒவ்வொரு இடமாகக் கேட்டது. ஏழடிப்பட்டத்தைச் சொன்னேன்.

"அந்த மலையப் பாத்துக்கிட்டேதான் ஆத்தா எட்டு வருசம் குவாரிக்குப் போனேன். ஒரு நாளும் மேல ஏறுனதில்ல."

"ஏன் அப்பாயி?"

"அங்கன எனக்கு என்ன வேல?"

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை இது. பெரிய சுற்றுலாவை நிறுத்த வேண்டாம், போகிறவர்கள் போகட்டும். வருஷத்தில் ஒரு நாள் சைக்கிள் நாள் வையுங்கள். மாணவிகளும் வருகிறார்கள் என்று நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். அச்சில் இருந்தால் வீட்டில் காட்டலாம். சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பம்பும், ஒட்டுப் போடும் சாமானும் வாங்கிப் போடுங்கள். பஞ்சர் ஒட்ட நானே சொல்லித் தருகிறேன், அந்தப் பெரியவர் செய்ததைப் பார்த்துப் படித்துவிட்டேன். வீட்டிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டும், அப்பாயி இப்போதே கேட்டுவிட்டது. தேதியைத் தை முடிவதற்குள் வையுங்கள். பங்குனியில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது.