சீக்கிரம், சீக்கிரம்!

போன வாரம் ஒரு சாயங்காலம். நாலாம் ஆண்டு படிக்கும் என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். 'ரன்' என்ற சொல் இல்லாமல், ஒருவர் வேகமாகப் போவதைச் சொல்ல எத்தனை வினைச்சொற்கள் தெரியும் என்பது கேள்வி. டேஷ், டார்ட், போல்ட், ரேஸ், ஸ்பிரிண்ட், ஸ்கரி, ஸ்காம்பர் என்று எழுதிக்கொண்டே போனாள். பன்னிரண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்து, "அப்பா, தமிழ்ல எத்தனை இருக்கு?" என்றாள்.

"ஓடு" என்றேன். கொஞ்சம் யோசித்து "விரை" என்றேன். அப்புறம் "பாய்". அதுக்கு மேல எனக்கு வரல.

"மூணுதானா?" என்றவள், என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாளோ என்னமோ, "இன்னொண்ணு எனக்குத் தெரியும்ப்பா. சீக்கிரம்! நீங்க டெய்லி சொல்வீங்களே" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று சொல்தான் என்பது உண்மையா? அதைவிட, அவள் காதில் விழும் தமிழில் அதிகமாக இருப்பது அந்த ஒரு 'சீக்கிரம்' மட்டும்தானா?

முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆங்கிலம், போகிற விதத்தையே வினைச்சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. எலி ஓடினால் ஸ்கரி. நாய்க்குட்டி துள்ளி ஓடினால் ஸ்காம்பர். மிரண்ட குதிரை பிய்த்துக்கொண்டு ஓடினால் போல்ட். மொழிகள் இந்த விஷயத்தில் இரண்டு வழியில் போகின்றன என்று லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் விளக்கியிருக்கிறார். ஆங்கிலம் மாதிரி மொழிகள் 'எப்படி' என்பதை வினையில் வைக்கும். ஸ்பானிஷ் மாதிரி மொழிகள் 'எங்கே' என்பதை வினையில் வைத்து, 'எப்படி' என்பதைத் தனியாகச் சொல்லும். தமிழும் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். 'ஓடி வந்தாள்', 'ஓடிப் போனாள்' என்கிறோம். வந்தாளா, போனாளா என்பது கடைசி வினையில் இருக்கிறது. ஓட்டம் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அப்படியென்றால் நான் தேடவேண்டிய இடமும் அதுதான். வினையைத் தேடியது தப்பு, அதற்கு முன்னால் வருவதைத் தேடியிருக்க வேண்டும். மறுநாள் கோவில்பட்டிக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் கேட்டேன். அங்கே காலை ஒன்பதரை, கையில் காபி.

"இதுக்கா பஞ்சம்?" என்று ஆரம்பித்தார். "சின்னப் பிள்ளைன்னா குடுகுடுன்னு ஓடும். கோவத்துல போறவன் விறுவிறுன்னு போவான். பயந்தவன் தலைதெறிக்க ஓடுவான். வீட்ல யாருக்கோ முடியலன்னு சேதி வந்தா விழுந்தடிச்சுக்கிட்டு ஓடுவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா அரக்கப்பரக்கக் கிளம்புவோம். கடைக்குப் போகச் சொன்னா நீ ஒரு காலத்துல சிட்டாப் பறப்ப, இப்ப ஆளையே காணோம்."

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "ஆச்சி, ஸ்லோ டவுன்!" என்றாள்.

குடுகுடு, விறுவிறு, கிடுகிடு, மளமள. இவற்றைத்தான் பள்ளியில் இரட்டைக்கிளவி என்று படித்தோம். இரட்டையாக நிற்பவை, பிரித்தால் பொருள் தராதவை. தொல்காப்பியமே இதைச் சொல்கிறது. வேகத்துக்கான பழைய சொற்களையும் அதன் உரியியல் பட்டியல் போடுகிறது: கதழ்வு, துனைவு இரண்டும் விரைவைக் குறிக்கும் என்கிறது. 'கடி' என்ற சொல்லின் பல பொருள்களில் விரைவும் ஒன்று. அவற்றில் சில வழக்கொழிந்து போயின. எல்லாம் போய்விடவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா பிள்ளைகளைக் கூப்பிடுவது "கெதியா வாங்கோ" என்றுதான். இலங்கையில் எக்ஸ்பிரஸ் ரயிலுக்குப் பெயர் கடுகதி. எங்கள் ஊரில் "வெரசா வா" என்பதும் 'விரை'யின் பிள்ளைதான். நான் சொல்லும் 'சீக்கிரம்' வடமொழியிலிருந்து வந்தது.

பட்டியல் போடும்போது இன்னொன்றும் கிடைத்தது. ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை, 'ஓட்டமும் நடையுமா' வந்தான் என்போம். ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்தில் வருவது 'ஜாக்'. சொல் பழையது. ஆனால் சாதாரண ஜனங்கள் உடம்புக்காகச் சேர்ந்து மெதுவாக ஓடுவது உலகத்துக்குப் பரவியதில் நம்ம ஆக்லாந்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவர் பயிற்றுவித்த பீட்டர் ஸ்நெல், மர்ரே ஹால்பர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். 1962-ல் அவர் முன்னின்று ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் தொடங்கியது. பதக்கத்துக்காக ஓடாத, நடுவயதைத் தாண்டியவர்களுக்காக. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும் என்பது அவர் வழி. அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் இங்கே வந்து இதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி ஆரெகனில் பரப்பினார். 1967-ல் ஜாகிங் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளியானது. பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர்.

சனிக்கிழமை மகளைக் கார்ன்வால் பார்க்குக்குக் கூட்டிப்போய் இந்தக் கதையைச் சொன்னேன். எதிரே ஒரு தாத்தா ஓட்டமும் நடையுமாக வந்தார். புல்லில் ஒரு ஆட்டுக்குட்டி அம்மாவிடம் குடுகுடுவென ஓடியது. "ஸ்கரியா, குடுகுடுவா?" என்று கேட்டேன். "குடுகுடு" என்றாள். "அது சத்தம் மாதிரியே இருக்கு."

அதுதான் விஷயம். இந்தச் சொற்களை அகராதியில் படித்து மனசில் ஏற்ற முடியாது. யாரோ ஒருவர் சொல்லக் கேட்கணும், அதே நேரம் கண்ணெதிரே அது நடக்கணும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'ஓடு' கற்றுக்கொள்ளலாம். 'விழுந்தடிச்சு' வீட்டில்தான் கிடைக்கும். அந்த வீட்டில் நான் காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை அவளிடம் பேசும் தமிழ் இதுதான்: சீக்கிரம் எழுந்திரு, சீக்கிரம் சாப்பிடு, சீக்கிரம் ஷூ போடு. சாவகாசமாகப் பேசும்போது இரண்டு பேருமே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறோம். அவளுக்குத் தமிழ் என்றால் அவசரம் என்று ஆகிவிட்டதோ என்று பயமாக இருந்தது.

பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிஷம், அவசரமில்லாத தமிழ் மட்டும். அன்றைக்குப் பார்த்த ஏதாவது ஒன்றை அவள் சொல்லணும், 'எப்படி' என்று நான் கேட்பேன். நேற்று, "மழை வந்துச்சு" என்றாள். எப்படி வந்துச்சு? யோசித்தாள். "சடசடன்னு... அப்புறம் கொஞ்ச நேரத்துல மெதுவா."

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "சீக்..." என்பதற்குள் கதவருகே நின்றவள் கேட்டாள்: "அப்பா, அரக்கப்பரக்கவா?"

உங்கள் வீட்டில் ஒரு காலை நேரத்தில் எத்தனை 'சீக்கிரம்' என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். பதினொன்று.