இயந்திரம் கணக்கிடட்டும், மனிதர் பொறுப்பேற்கட்டும்

இது விஞ்ஞான யுகம். மனிதன் செய்த இயந்திரம் ஒரு காலத்தில் அவனுக்காகச் சுமை தூக்கியது. பின்னர் கணக்குப் போட்டது. இன்றோ, ஆயிரக்கணக்கான படங்களையும் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'இனி இது நடக்கலாம்' என்று சொல்லவும் தொடங்கிவிட்டது. இதனைச் செயற்கை நுண்ணறிவு என்கின்றனர். கடிதம் எழுதவும் படம் வரையவும் அது உதவுவதை நாம் அறிவோம். வீடு, பாலம், சாலை, அணை ஆகியவற்றைக் கட்டும் துறையிலும் அது இன்று நுழைந்துவிட்டது. கடிதத்தில் பிழை நேர்ந்தால் அழித்து எழுதலாம். பாலத்தில் பிழை நேர்ந்தால் போன உயிர் திரும்புமா? ஆகவே இப்புதிய துணையை எவ்வாறு ஏற்பது என்பதை நாம் பொறுமையாகச் சிந்திக்க வேண்டும்.

போடிநாயக்கனூரில் வாழும் நமக்கு இது எங்கோ தொலைவில் நடக்கும் செய்தியன்று. விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்கள் மாலையில் பத்திரமாகத் திரும்பி வருவது அந்தச் சாலையையும் அதன் மேலுள்ள சரிவையும் பொறுத்தது. மெட்டுக்கு அப்பால், மூணாறு செல்லும் நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்ட காலத்தில், 2019ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் கேப் ரோடு பகுதியில் பெரும் சரிவுகள் ஏற்பட்டன. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்.

மலை ஏன் சரிகிறது? பாறையின் மேல் மண் போர்வைபோல் கிடக்கிறது. மழை நீர் அம்மண்ணின் நுண்துளைகளில் நிரம்ப நிரம்ப, உள்ளே நீரின் அழுத்தம் உயருகிறது. மண்ணைப் பாறையோடு பிடித்து நிறுத்தும் பிடிப்பு தளருகிறது. சாலைக்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டியிருந்தால், தாங்கும் காலையே எடுத்துவிட்டது போலாகும். இந்த மாற்றம் நிலத்தினுள்ளே நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கேதான் இயந்திரத்தின் உதவி பெரிதும் தேவைப்படுகிறது. மூணாற்றில் புனித அந்தோனியாரின் பெயரைத் தாங்கிய அந்தோனியார் காலனி என்னும் குடியிருப்பு உள்ளது. அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டு முதல் அங்குள்ள சரிவில் கருவிகளைப் புதைத்து வைத்து ஆராய்ந்து வருகின்றனர். மண்ணுக்குள் நீரின் அழுத்தம், நிலத்தின் சாய்வு, நுண்ணிய அதிர்வு ஆகியவற்றை அக்கருவிகள் அளந்து, கம்பியில்லா முறையில் அனுப்புகின்றன. இரவும் பகலும் வந்து குவியும் இத்தகைய எண்களை ஒருவர் அமர்ந்து பார்த்து முடிக்க இயலாது. அவற்றை அயராமல் ஒப்பிட்டு, வழக்கத்திற்கு மாறானதைச் சுட்டிக் காட்டுவதே செயற்கை நுண்ணறிவுக்கு ஏற்ற பணி. அவ்வாறே, ஆளில்லாச் சிறு விமானம் எடுத்த படங்களில் பாலத்தின் மயிரிழை வெடிப்புகளைக் கண்டுபிடிக்கவும் அதனால் முடியும். தேசிய நெடுஞ்சாலைப் பணிகளை மாதந்தோறும் அத்தகைய விமானங்களால் படம் பிடிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலேயே நெடுஞ்சாலை ஆணையம் விதித்துள்ளது. இவற்றை வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது.

எனினும், இயந்திரத்தை நம்பி மனிதன் தன் கண்ணை மூடிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் சரித்திரத்தில் சான்று உண்டு. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு பெரிய விளையாட்டரங்கு கட்டினர். அதன் எஃகுக் கூரையை அக்காலத்தில் புதுமையாயிருந்த கணினியைக் கொண்டு கணக்கிட்டனர். கூரையைத் தூக்கி நிறுத்தியபோது, கணக்கு கூறியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அது கீழே தொய்ந்தது. எச்சரித்தவர்களுக்கு, இத்தகைய வேறுபாடு இயல்பே என்று பதில் கிடைத்தது. 1978 ஜனவரி 18ஆம் நாள் அதிகாலையில், பனியின் பாரம் தாங்காமல் அந்தக் கூரை முழுவதும் இடிந்து விழுந்தது. சில மணி நேரத்திற்கு முன்புவரை சுமார் 5,000 பேர் அதன்கீழ் அமர்ந்து பந்தாட்டம் பார்த்தனர். அவர்கள் வீடு திரும்பிய பின் விழுந்ததால் எவருக்கும் தீங்கில்லை. கணினி தனக்குக் கொடுத்ததைச் சரியாகவே கணக்கிட்டது. கூரையின் உண்மை நிலையைத்தான் அதற்குச் சரியாகச் சொல்லவில்லை.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்தும். தனக்குக் கற்பித்த பழைய விவரங்களிலிருந்தே அது விடை காண்கிறது. மலையின் மேற்குப் புறம் தென்மேற்குப் பருவமழையை முழுதாகப் பெறுகிறது. நம் கிழக்குச் சரிவோ மழை மறைவில் உள்ளது. மேற்குச் சரிவின் மழையையும் மண்ணையும் மட்டும் கற்ற இயந்திரம், நம் சரிவைப் பற்றிச் சொல்வது சரியாயிருக்கும் என்பதற்கு என்ன உறுதி? தெரியாத இடத்திலும் தெரிந்ததுபோல் அது தயங்காமல் விடை கூறும். அதுவே ஆபத்து.

இதற்கு மாறாக நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க முன்மாதிரி ஒன்று உண்டு. காஷ்மீரில் செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட ரயில் பாலம் 2025 ஜூன் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியை மாதவி லதா, அதன் மலைச்சரிவுகளை உறுதிப்படுத்தும் பணியில் 17 ஆண்டுகள் ஆலோசகராக உழைத்தார். வெட்டிப் பார்த்தபோது பாறையில் எதிர்பாராத வெடிப்புகளும் மறைந்த குழிகளும் தென்பட்டன. உடனே பழைய வரைபடத்தையே பிடித்துக்கொண்டிராமல், கண்டதற்கேற்பத் திட்டத்தை மாற்றி மாற்றி அமைத்தனர். அங்கே கணக்கும் கணினியும் இருந்தன. ஆனால் இறுதிச் சொல்லைப் பாறை சொன்னது. அதைக் கேட்கும் மனிதர்கள் அங்கே நின்றனர்.

ஆகவே நாம் மூன்று விதிகளை வேண்டுகிறோம். முதலாவதாக, புதிய இயந்திரம் எதுவாயினும், பல மழைக்காலங்கள் பழைய முறையோடு சேர்த்து ஓட விட்டு, அது சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதனை நம்ப வேண்டும். இரண்டாவதாக, இயந்திரத்தின் கணக்கும் களத்தின் காட்சியும் மாறுபட்டால் வேலையை நிறுத்திக் காரணம் காண வேண்டும். ஊற்று இடம் மாறியதையும், மரம் சாய்ந்ததையும், சுவர் விரிந்ததையும் முதலில் காண்பவர்கள் சாலைப் பணியாளரும் தோட்டத்துப் பெண்களுமே. அவர்கள் சொல்லையும் அளவுக் கருவியின் எண்ணைப் போலவே பதிவு செய்ய வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு திட்டத்திலும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் பொறியாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். 'இயந்திரம் சொன்னது' என்பது ஒருபோதும் சமாதானமாகக் கூடாது.

'மனிதர் மட்டும் தவறுவதில்லையா? இயந்திரம் சோர்வதில்லை, கையூட்டு வாங்குவதில்லையே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் இயந்திரம் மனிதரைச் சோதிக்கட்டும் என்கிறோம். ஆனால் இயந்திரத்தையும் மனிதர் சோதிக்க வேண்டும். இயந்திரம் தவறினால் அதற்கு மனச்சாட்சி உறுத்தாது. மாண்டவர் வீட்டுக்குச் சென்று அது பதில் சொல்லாது. திருச்சபை 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட ஏடும், ஒழுக்கப் பொறுப்பு மனிதருக்கே உரியது என்று வலியுறுத்துகிறது. தொழிலாளர் உரிமைக்காக 1891இல் குரல் கொடுத்த பதின்மூன்றாம் சிங்கராயரை நினைந்தே தாம் அப்பெயரை ஏற்றதாகக் கூறிய திருத்தந்தை பதினான்காம் லியோ, செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் எழுப்பும் சவால்களையும் அப்போதே குறிப்பிட்டார். மணல்மீதும் பாறைமீதும் வீடு கட்டிய இருவரின் உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். கட்டுமுன் அடிநிலத்தை அறிவது அன்றும் இன்றும் கட்டுபவரின் கடமையே.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் எளிய பாடம் உண்டு. ஏலக்காய் ஏலம் இன்று கணினி வழியே நடக்கிறது. விலையைக் கணினி நொடியில் காட்டுகிறது. ஆயினும் வியாபாரி மாதிரிக் காயைக் கையிலெடுத்து, நிறமும் பருமனும் பார்த்த பின்னரே விலை கேட்கிறார். காய்க்கே இத்தனை கவனம் என்றால், நம் அன்னையர் செல்லும் சாலைக்கு எத்தனை கவனம் வேண்டும்!

அன்புத் தோழியரே, கணிதத்தையும் இயற்பியலையும் அஞ்சாமல் கற்போம். விடையை மட்டும் பார்த்து எழுதாமல், அது எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே வளர்ப்போம். பெற்றோர்களே, பொறியியல் ஆண்களுக்குரியது என்று எண்ணி உங்கள் பெண்களைத் தடுக்காதீர்கள். நம் போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நாளை இம்மலையில் ஒரு சாலைக்கோ பாலத்திற்கோ இயந்திரம் கணக்குப் போடும்போது, அதைச் சரிபார்த்துத் தன் பெயரைக் கையொப்பமிடும் பொறியாளர் நம் பள்ளியின் மகளாக இருக்க வேண்டும். அதற்கு இன்றே நம்மை ஆயத்தப்படுத்துவோமாக!