ஆமைக்கும் உடம்புக்கு வரும்!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பயமுறுத்திய பாட்டிகளின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்குக் காசு கொடுத்து ஆமை வாங்கி வருகிறார்கள். அயனம்பாக்கம், திருவேற்காடு பக்கத்துப் புது ஃப்ளாட்டுகளில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக இரண்டு பச்சைக் குஞ்சுகள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து உலகம் பூராவும் பரவிய 'செங்காது' ஆமை.

"நாய்னா அசோசியேஷன்ல சண்டை. பூனைன்னா முடி கொட்டும். ஆமைன்னா ஒரு தொந்தரவும் இல்லை பாருங்க!" என்பார்கள். அந்தத் தொந்தரவில்லாத குணம்தான் அதற்கு எமன். நாய்க்கு வலித்தால் கத்தும். ஆமை என்ன செய்யும்? தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். "தூங்குது" என்று நாமும் விட்டுவிடுவோம். சென்னைக் குளிருக்கெல்லாம் ஆமை மாதக்கணக்கில் தூங்க வேண்டிய அவசியமில்லை. ஒரு வாரம் சாப்பிடாமல் மூலையில் கிடந்தால் அது தூக்கமில்லை, நோய்!

முதலில் கண்ணைப் பாருங்கள். இமை வீங்கி, மூடியபடியே இருந்தால் பெரும்பாலும் வைட்டமின் 'ஏ' குறைவு. காய்ந்த இறால் ஒன்றையே மாதக்கணக்கில் போட்டால் இப்படித்தான் ஆகும். கண் தெரியாததால் சாப்பிடாது, சாப்பிடாததால் இன்னும் மோசமாகும். தரமான ஆமைத் தீனியோடு கீரை, துருவிய கேரட் கொடுத்துப் பழக்கினால் இந்த வம்பே வராது. சோறு, பிரெட், பிஸ்கெட் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கண் வீங்கிவிட்டதா? குழந்தைக்கு வாங்கிய வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களே ஊற்றாதீர்கள். வைட்டமின் 'ஏ' அதிகமானாலும் விஷம்தான்.

அடுத்து, தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறதா? மூக்கில் குமிழி, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு... நுரையீரலில் சளி. மனிதனைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள ஆமையால் முடியாது. அதனால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடக் கூடாது.

ஓடு விஷயத்தில் குழம்புகிறவர்கள் அதிகம். தண்ணீர் ஆமையின் ஓட்டிலிருந்து மெல்லிய கண்ணாடித் தாள் போல உரிந்தால் பயப்பட வேண்டாம், வளர்கிறது. நாற்றம், வெள்ளைப் புள்ளி, குழி, அழுத்தினால் அமுங்குவது... இவைதான் ஆபத்து. ஓடு மெத்தென்று ஆவதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதாதது. "ஜன்னல் பக்கத்தில்தான் சார் தொட்டியை வைத்திருக்கிறோம்" என்பார்கள். வைட்டமின் 'டி' உண்டாக்கும் புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியிலேயே நின்றுவிடும்! காலை வெயிலில் பால்கனியில் ஒரு பேசினில் விடுங்கள், பாதி நிழல் இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். தொட்டிக்குள் ஏறி உட்கார ஒரு கல்லாவது வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள். அதில் ஒரு துண்டு போட்டு வைத்தால் கொறித்துக்கொள்ளும். நெயில் பாலிஷ், பெயின்ட் அடித்து அழகு பார்ப்பவர்களை என்ன சொல்ல? ஓடு என்பது சட்டையல்ல, உயிருள்ள எலும்பு. தொட்டால் அதற்குத் தெரியும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நாய்க்கு உண்ணி போகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து ஆமையைக் கொன்றுவிடும். 'எல்லாம் பூச்சி மருந்துதானே' என்று மிச்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் போவதென்றால் ஊர்வன பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து பூந்தமல்லி ஹைரோடு பிடித்தால் வேப்பேரி. அங்கே 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. "இருநூறு ரூபாய் ஆமைக்கு இவ்வளவு அலைச்சலா?" என்று கேட்பவர்கள் ஆமையே வாங்கியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. இந்தக் குஞ்சு தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும். எடுத்துப் போகும்போது தண்ணீரில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். பலவீனமான ஆமை மூழ்கிச் செத்துப் போகும். ஓட்டை போட்ட டப்பாவில் ஈரத் துணி போதும்.

இதைவிடப் பெரிய சங்கடம் நட்சத்திர ஆமை. 'அதிர்ஷ்டம்' என்று சொல்லி யாரோ தலையில் கட்டியிருப்பார்கள். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2022-ல் செய்த திருத்தத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணைக்கே ஏற்றிவிட்டார்கள். குறைந்தது மூன்று வருட ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். சட்டம் சரிதான். ஆனால் நடப்பது என்ன? பயத்தில் டாக்டரிடம் காட்டுவதில்லை. புல் தின்கிற பிராணிக்குப் பாலும் பிரெட்டும் கொடுத்து, ஓடு கோணி, பீரோவுக்குப் பின்னாலேயே அது செத்துப் போகிறது. 2020-ல் வெளிநாட்டு உயிரினங்களை வளர்ப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க மத்திய அரசு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. நம் ஊர் ஆமைக்கும் அப்படி ஓர் அவகாசம் கொடுத்து, வழக்கில்லாமல் வனத்துறை வாங்கிக்கொண்டால் எத்தனையோ பிழைக்கும். அதுவரை, ஒரு வக்கீலைக் கலந்துகொண்டாவது வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதே மேல்.

தப்பிக்கிற வழியாகச் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக அயனம்பாக்கம் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். புண்ணியமில்லை சாமி! நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, நீந்தத் தெரியாது. ஆழத் தண்ணீரில் போட்டால் கொலைதான். செங்காது ஆமையோ நன்றாகவே பிழைத்துக்கொள்ளும், அதுதான் பிரச்னை. நம் ஏரிகளில் உள்ள பால் ஆமையின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் 1997-லேயே இதன் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நம் மீனம்பாக்கத்தில் 2024-ல்கூட மலேசியாவிலிருந்து வந்த பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ இருந்தால் ஆமையே வேண்டாம். ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் மேலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். வாந்தி, பேதி, ஜுரம் என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குக் கொண்டுபோகும். குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்கக் கூடாது என்று 1975-ல் தடை விதித்தார்கள். வளர்த்தே ஆக வேண்டுமென்றால், தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டாதீர்கள், பாத்ரூமில் கொட்டி ஃபினாயில் ஊற்றுங்கள்.