இறங்கும் படிகள்

நம்முடைய குடும்பங்களில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. மருந்தைத் தொடங்குவதற்கு டாக்டர் வேண்டும். நிறுத்துவதற்கு மட்டும் எவரும் போதும். கூடத்து ஊஞ்சலில் சாய்ந்திருக்கும் தாத்தா, ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தி, எதிர் வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தாசில்தார் ஆகிய எல்லோருக்கும் அந்த அதிகாரம் உண்டு. "இரண்டு வருஷமாக இதை விழுங்கிக்கொண்டிருக்கிறாயே, உடம்பு என்னத்துக்கு ஆகும்? நாளையிலிருந்து விட்டுவிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். பல மருந்துகளின் விஷயத்தில் இந்தத் தீர்ப்பின் பலன், நோய் திரும்பி வருவதோடு நிற்கும். ஸ்டிராய்டு என்னும் மருந்தின் விஷயத்திலோ, நோய் திரும்புவது போக, அந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் ஆபத்தும் வந்து சேரும். அது உயிரையே கொண்டு போகக்கூடியது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். புஜபலம் காட்ட விரும்பும் வாலிபர்கள் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொள்ளும் சரக்கை நான் இங்கே குறிப்பிடவில்லை. அது வேறு ஜாதி. நான் சொல்வது பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதாஸோன், பீட்டாமெதாஸோன் முதலிய பெயர்களை உடைய மருந்துகளை. ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ், தோலில் கொப்புளங்கள் எழும் பெம்பிகஸ், குழந்தைகளின் முகத்தையும் காலையும் வீங்கச் செய்யும் நெஃப்ராட்டிக் நோய், தொழுநோயில் நரம்புகள் திடீரென்று அழற்சியுறும் நிலை என்று பல வியாதிகளில் இவை உயிரையும் உறுப்பையும் காக்கின்றன. 2020-ஆம் ஆண்டில், கொரோனாக் காலத்தில், பிரிட்டனில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்று, தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெதாஸோன் கொடுத்ததனால் சுவாச யந்திரத்தில் இருந்த நோயாளிகளின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டது. ஆகவே இதை விஷம் என்று தூற்றுகிறவர்களின் கட்சியில் நான் சேரமாட்டேன்.

இம்மருந்து பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்து மேயோ வைத்தியசாலையில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் 1929-ல் ஒரு விந்தையைக் கவனித்தார். முடக்குவாதத்தால் வருந்திய ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்ததும் மூட்டு வலி ஓடிவிட்டது! கர்ப்ப காலத்தில் பெண்களுக்கும் அவ்வாறே வலி தணிவதைக் கண்டார். உடம்பே இந்த நோய்க்கு மாற்றாக ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்று ஊகித்தார். அதே இடத்தில் எட்வர்டு கெண்டால் என்ற ரசாயன நிபுணர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்றை 1948 செப்டம்பர் 21-ஆம் தேதி, நடமாட்டம் ஒடுங்கிக் கிடந்த 29 வயது மாது ஒருத்திக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். ஒரு வாரத்திற்குள் அவள் எழுந்து கடைவீதிக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். அந்தப் பொருளே கார்ட்டிஸோன். 1950-ல் ஹென்ச், கெண்டால், ஸ்விட்சர்லாந்து தேசத்து ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்த ஆரவாரம் அடங்குமுன்னே சங்கடம் தொடங்கிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தால் முகம் பௌர்ணமிச் சந்திரனைப் போல உருண்டது, எலும்பு தேய்ந்தது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. நிறுத்தினாலோ நோய் திரும்பியது. இவற்றைவிடப் பயங்கரமான செய்தி 1952-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. முடக்குவாதத்திற்காகக் கார்ட்டிஸோன் உண்டுவந்த ஒருவர், மூட்டுச் சத்திர சிகிச்சைக்குப் பின் இரத்த அழுத்தம் வீழ்ந்து, எதனாலும் மீட்க முடியாமல் மாண்டுபோனார். அவருடைய அட்ரினல் சுரப்பிகளைச் சோதித்தபோது அவை சுருங்கிக் கிடந்தன.

ஏன் சுருங்கின? இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பியைப் போல ஆளுக்கொன்றாக இரண்டு அட்ரினல் சுரப்பிகள் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடைதான். கார்ட்டிஸால் என்னும் ஸ்டிராய்டை இவை தினந்தோறும் சுரக்கின்றன. விடியற்காலையில் அதிகமாக, நடுநிசியில் மிகக் குறைவாக. இரத்த அழுத்தம் தாழாமலும், பசித்திருக்கும்போது சர்க்கரை வற்றாமலும் பார்த்துக்கொள்வது இதன் உத்தியோகம். ஜுரமோ, அடியோ, சத்திர சிகிச்சையோ நேர்ந்தால் உடம்பு இதைப் பல மடங்கு கேட்கும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளையிடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி.

ஒரு வீட்டில் சமையற்கட்டு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று ஓட்டலிலிருந்து தினமும் மூன்று வேளையும் சாப்பாடு வந்து இறங்கத் தொடங்குகிறது. வீட்டு எஜமானி முதலில் அளவைக் குறைப்பாள். பிறகு அடுப்பே மூட்டமாட்டாள். ஓராண்டு கழிந்தால் வீட்டில் அரிசி இராது, அம்மி குழவி தூசி படிந்து கிடக்கும். அந்த நிலையில் ஒரு நாள் காலையில் ஓட்டல்காரன் வராமல் போனால் என்ன ஆகும்? "உடனே இட்டிலி வேண்டும்" என்றால் எங்கிருந்து வரும்? உளுந்தை ஊறவைத்து, அரைத்து, மாவு புளித்தல்லவா வரவேண்டும்? வெளியிலிருந்து ஸ்டிராய்டு வந்துகொண்டிருக்கும்போது பிட்யூட்டரி கட்டளையிடுவதை நிறுத்திவிடுகிறது. அட்ரினலும் உறங்கிச் சுருங்கிவிடுகிறது. அது மீண்டும் விழிப்பதற்குச் சில வாரங்கள் முதல் ஓராண்டு வரையில், சிலருக்கு அதற்கு மேலும், பிடிக்கும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டு மூத்த மருமகள் மூட்டு நோய்க்காக ஒன்றரை ஆண்டாகத் தினம் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் உண்டுவந்தாள். வலி தணிந்தது; கன்னங்கள் ஊதின. மைத்துனியின் கல்யாணம் நெருங்கிற்று. "புகைப்படத்தில் உன் முகம் எப்படி விழுமோ!" என்று யாரோ ஒரு புண்ணியவதி பரிதாபப்பட்டாள். அன்றே மாத்திரை நின்றது. எட்டாம் நாள் கல்யாண வீட்டில் அவளுக்குச் சிறிது பேதி, பிறகு வாந்தி, எழுந்து நின்றால் தலை சுற்றல். பந்தியில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். மாலைக்குள் நினைவு மங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உப்புநீர் ஏற்றியும் இரத்த அழுத்தம் எழும்பவில்லை. டாக்டர் கேட்டபோது, "இப்பொழுது மருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்று கணவர் சொன்னார். பொய்யல்ல, எட்டு நாளாக அவள் சாப்பிடவில்லைதான்! ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைதான், "அம்மா பெட்டியில் இது இருந்தது, மாமா" என்று பாதி காலியான மாத்திரை அட்டையை நீட்டினான். டாக்டர் அதைப் பார்த்த மாத்திரத்தில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிஸோன் ஊசியை இரத்தக்குழாயில் செலுத்தினார். மறுநாள் காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

அப்படியானால் எவ்வாறு நிறுத்துவது? மூன்று நான்கு வாரத்திற்குக் குறைவாக உண்டவர்கள் பொதுவாகப் பயமின்றி ஒரேயடியாக நிறுத்தலாம். அதற்குள் சுரப்பி ஆழ்ந்து உறங்குவதில்லை. அதற்கு மேற்பட்டால் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். அதற்கு முன், மருந்தைக் கொடுத்த வியாதி அடங்கியிருக்கிறதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இறங்கும் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. மேல்படிகள் அகலமானவை, கீழ்ப்படிகள் குறுகலானவை. நம்முடைய சுரப்பி தினசரி சுரக்கும் அளவு ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். 40 மில்லிகிராமில் இருப்பவர் வாரத்திற்கு 5 மில்லிகிராம் வீதம் 20 வரையில் விரைவாக இறங்கலாம்; அப்பொழுதும் உடம்பின் தேவைக்கு மேலேயே மருந்து இருக்கிறது. 20-லிருந்து 10 வரையில் ஒன்று முதல் இரண்டரை மில்லிகிராம் வீதம், ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்திற்கு ஒரு முறை. 10-க்குக் கீழே 1 மில்லிகிராம் வீதம்தான். 5-க்கு வந்ததும் மாதத்திற்கு ஒரு மில்லிகிராம் என்று ஊர்ந்து இறங்க வேண்டும். அல்லது காலையில் இரத்தத்தைச் சோதித்துக் கார்ட்டிஸால் அளவைப் பார்க்க வேண்டும். முந்தின மாத்திரை உண்டு 24 மணி நேரம் ஆன பின், அன்றைய மாத்திரைக்கு முன்னால், காலை எட்டு ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுப்பது முறை. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது, நிறுத்தலாம். 5-க்குக் கீழே இருந்தால் இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இடைப்பட்டிருந்தால் அதே சிறு அளவிலேயே நின்று மறுபடி சோதிப்பார்கள். டெக்ஸாமெதாஸோனைப் போல நெடுநேரம் உடம்பில் தங்கும் மருந்தை உண்பவர்களை முதலில் பிரெட்னிசோலோனுக்கோ ஹைட்ரோகார்ட்டிஸோனுக்கோ மாற்றிவிட்டு இறக்குவார்கள். இந்த எண்களை நான் எழுதுவது, உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்கும் அட்டவணை உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே. இதை வெட்டி வைத்துக்கொண்டு வீட்டில் வைத்தியம் நடத்துவதற்கன்று. மனித உடம்பு பள்ளிக்கூடக் கணக்குக்குக் கட்டுப்படாது என்று கணக்கு வாத்தியாராகிய நானே சொல்கிறேன்.

இறங்கும் வழியில் உடம்பு முணுமுணுக்கும். அசதி, கை கால் வலி, மனச் சோர்வு, பசியின்மை எல்லாம் தோன்றலாம். இங்கேதான் குழப்பம். சுரப்பி விழிக்காததனாலும் இவை வரும். பழைய நோய் திரும்புவதாலும் வரும். அதிக அளவுக்குப் பழகிப்போன உடம்பு, தேவைக்குப் போதுமான மருந்து இருக்கும்போதே, "இன்னும் கொடு" என்று அடம்பிடிப்பதாலும் வரும். மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு. முடக்குவாதக்காரருக்கு மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் நோயைச் சந்தேகிக்கலாம். நின்றால் மயக்கம், குமட்டல், எடை குறைதல் இருந்தால் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். அடம்பிடிக்கும் உடம்பை, முன்பு சௌகரியமாக இருந்த படிக்கு ஏற்றி, அங்கிருந்து மெதுவாக இறக்குவார்கள். ஆகவே, என்ன செய்கிறது, எந்தத் தேதியிலிருந்து, அன்று எத்தனை மில்லிகிராம் என்று சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலேயே குறித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவது நல்லது. அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அதுதான்.

மாத்திரை முழுவதும் நின்ற பிறகும் ஓராண்டு வரையில் ஒரு விஷயம் மறக்கலாகாது. கடும் ஜுரம், விபத்து, சத்திர சிகிச்சை, பெரிய பல் வைத்தியம் போன்ற சமயங்களில் உறக்கம் தெளியாத சுரப்பி கைவிட்டுவிடலாம். அப்போது மருந்தைத் தற்காலிகமாகக் கூட்டவோ மறுபடி கொடுக்கவோ வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிட்டால் வீட்டில் காத்திருப்பது கூடாது; ஊசிக்கு ஓடவேண்டும். பிரிட்டனில் 2020 முதல் இத்தகைய நோயாளிகளுக்கு ஓர் அவசர அட்டை கொடுக்கிறார்கள். "இவர் ஸ்டிராய்டு உண்பவர், மயங்கினால் ஹைட்ரோகார்ட்டிஸோன் கொடுக்க" என்னும் கருத்து அதில் இருக்கும். அரைத்தாள் காகிதத்தில் நாமே எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்வதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

கடைசியாக, "நான் மாத்திரையே சாப்பிடுவதில்லை" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டுக்குள் அடிக்கடி போடும் ஊசி, அதிக அளவில் இழுக்கும் ஆஸ்துமா மருந்து, முகம் சிவக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பூசும் களிம்பு ஆகியவற்றிலும் ஸ்டிராய்டு இருக்கக்கூடும். அளவு மீறினால் இவையும் சுரப்பியை உறங்கச் செய்யும். மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் 'பச்சிலைச் சூரணம்' என்று பெயரெழுதாத பொட்டலமாக விற்கப்படும் சில பொடிகளில் இம்மருந்தைக் கலந்துவிடுவதும் உண்டு. மூன்றே நாளில் வலி பறந்து, பசி பெருகி, மாதங்கள் சென்றதும் முகம் உருண்டால் சந்தேகப்பட வேண்டும். அப்படிச் சந்தேகம் வந்ததும் ஆத்திரப்பட்டுப் பொட்டலத்தைச் சாக்கடையில் எறிந்துவிட வேண்டாம். நெடுநாள் உண்டவர் அதையும் திடீரென்று நிறுத்தலாகாது. பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போய், எத்தனை மாதமாக, தினம் எத்தனை வேளை உண்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்கு ஈடான அளவில் சரியான மாத்திரையை அவர் தொடங்கி, அங்கிருந்து படிப்படியாக இறக்குவார்.